நிறைந்துபோன விமானம்

டிக்கோயா,
20.08.2023

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான் சுகம். நீங்களும் அந்தச் சூட்டில் கருகிப் போகாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடுதாசிப் பைத்தியம் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நம் லயத்து வீடுகளுக்கு நடுவில் உள்ள சுவர் கூரைவரைக்கும் போகாது என்பதை டோஹா போனதும் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. முந்தாநாள் நீங்கள் போனில் சொன்னதற்கு நான் "சீ, போங்க" என்று மட்டும்தான் சொன்னேன். மறுநாள் காலை பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அடுத்த காம்பரா லெட்சுமி அக்கா எல்லோர் முன்னாலும், "என்னாடி, மாப்ள அப்புடி என்னாத்த சொல்லிப்புட்டாரு?" என்று கேட்டு என் மானத்தை வாங்கிவிட்டாள். அதனால் இனிமேல் சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா என்பதெல்லாம் போனில். மனசில் உள்ளது கடிதத்தில். நான் வேலை செய்யும் விருந்தினர் பங்களா முகவரிக்கே எழுதுங்கள். தோட்டத்து ஆபீசுக்குப் போட்டால் அது எந்த மேசையில் எத்தனை நாள் தூங்குமோ தெரியாது.

லீவு முடிந்து நீங்கள் போனதிலிருந்து வீடு வீடாகவே இல்லை. உங்கள் சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன். காரணம் கேட்காதீர்கள்.

பங்களாவில் புதுக் கூத்து ஒன்று. நம் மேனேஜர் பிரதாப் சேர் கொழும்பில் ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்தார். வந்ததிலிருந்து, "வந்த கெஸ்ட் திரும்பி வரணும் சர்மிளா, அதுக்கு நாம ஒரு திட்டம் போடணும்" என்று ஒரே பாட்டு. அட்டை ஒன்று அடிக்கப் போகிறாராம். அதில் முத்திரை சேர்த்தால் ஓர் இரவு சும்மா தங்கலாமாம். "ஒரு ராத்திரி சும்மா படுக்கவா சேர் லண்டன்ல இருந்து வருவாங்க?" என்று கேட்டுவிட்டேன். முகம் தொங்கிப் போய்விட்டது. போன வருஷம் வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா இந்த வருஷமும் வந்தார். ஏன் வந்தீர்கள் என்றால், போன தடவை அவர் கேட்காமலே நான் வெந்நீர்ப் போத்தலைப் போர்வைக்குள் கால்மாட்டில் வைத்ததற்காகவாம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த திட்டம். நீங்கள் இதையே பிழைப்பாக வைத்திருக்கிறவர். பிரதாப் சேருக்கு என்ன சொல்லட்டும்? எழுதுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கோழிக்கறியை மூன்று நாள் வைத்துத் தின்னாதீர்கள்.

உங்கள்
சர்மிளா


டோஹா,
10.09.2023

என் சர்மிக்கு,

உன் கடிதத்தை விமான நிலைய பஸ்ஸிலேயே பிரித்துப் படித்தேன். பக்கத்தில் இருந்த நேபாளத்துப் பையன், "வீட்டிலிருந்தா?" என்று கேட்டான். என் முகத்தில் அப்படி எழுதி ஒட்டியிருந்தது போல. அந்தச் சட்டையைத் துவைத்துவிடு. அதில் மீன் வாடை.

நீ கேட்டதற்கு வருகிறேன். விமானக் கம்பனியில் என் மேசைக்கு எப்படிப்பட்ட ஆட்கள் வருகிறார்கள் என்று நீ பார்க்க வேண்டும். பறக்கப் பறக்கப் புள்ளிகள் சேரும். சேர்ந்தால் வெள்ளி, அப்புறம் தங்கம், அதற்கும் மேலே பிளாட்டினம். ஒரு வருஷம் பறப்பது குறைந்தால் ஒரு படி இறக்கிவிடுவோம். போன வாரம் ஒரு கம்பனி முதலாளி தங்கத்திலிருந்து வெள்ளிக்கு இறங்கிவிட்டார். என் முன்னால் நின்று கண் கலங்கினார், சர்மி. சொந்தமாக நாலு ஹோட்டல் வைத்திருக்கிறவர்! வருஷக் கடைசியில் வந்து பார். படி இறங்காமல் இருப்பதற்காகவே ஓர் ஊருக்குப் பறந்துபோய், வெளியே கால் வைக்காமல் அதே விமானத்தில் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வணக்கம் சொல்வோம்.

எல்லாம் ஓசிக்காக என்று நினைக்காதே. அவர்கள் வாசலில் நுழையும்போது ஒருவன் பெயரைச் சொல்லி வரவேற்க வேண்டும். போன தடவை ஜன்னலோரம் கேட்டீர்களே சேர், இந்தத் தடவையும் வைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதற்காக உயிரையும் கொடுப்பார்கள். பிரதாப் சேரிடம் சொல், ஓர் இரவு சும்மா என்பதை முதலில் காட்ட வேண்டாம். இரண்டாவது தடவை வருகிறவருக்கு, அவர் கேட்பதற்கு முன்னால் சின்னதாக ஒன்று செய்யட்டும். உன் வெந்நீர்ப் போத்தல்தான் அது.

இன்னொன்றும் செய்யப் போகிறேன். கொழும்புக்குப் போகும் என் பெரிய உறுப்பினர்களிடம் உங்கள் பங்களாவைப் பற்றிச் சொல்லிவிடுவேன். நீ என் மனைவி என்று மட்டும் சொல்ல மாட்டேன். சொந்தக்காரர் இடத்துக்கு ஆள் பிடிக்கிறான் என்று வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள்.

இங்கே ஒரு சூப்பர்வைசர் இடம் காலியாகப் போகிறது. அது கிடைத்தால் குடும்ப விசா. நீ இங்கே வந்துவிடலாம். ஆனால் அதற்கு வரிசை நீளம். ஒரு பிளாட்டினம் ஆள் நம் பெயரைச் சொல்லித் தலைமையகத்துக்குப் பாராட்டி எழுதினால் வரிசை சுருங்கும் என்கிறார்கள். பல வருஷம் உழைப்பதைவிட அந்த ஒரு கடிதம் பெரிது. பார்ப்போம். கூரைவரை சுவர் எழும்பிய ஒரு வீட்டில் உன்னிடம் சத்தமாகப் பேச வேண்டும் எனக்கு.

அன்பும் முத்தமும்,
ஜீவராஜ்


டிக்கோயா,
15.10.2023

அன்புள்ள அத்தானுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பஸ்ஸில் என்றால் மடித்து வைத்துவிட்டு அறைக்குப் போய்ப் படியுங்கள்.

நமக்குப் பிள்ளை வரப்போகிறது.

போனில் சொல்ல மனசு வரவில்லை. சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், லயம் முழுவதும் எழுந்துவிடும். முதலில் உங்களுக்கு மட்டும் தெரியட்டும் என்று பொத்தி வைத்தேன். சந்தேகமாகத்தான் கிளினிக்குப் போனேன். மிட்வைஃப் நோனா பார்த்துவிட்டு சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பாதிதான் புரிந்தது, அந்தப் பாதியே போதுமாக இருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் இல்லாதது, நீங்கள் வந்துபோன லீவில். ஏப்ரல் கடைசியில் பிறக்கும் என்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கும் திரிபோஷா மாவுப் பொதியைக் கையில் கொடுத்தபோது அதைப் பிடித்துக்கொண்டு கிளினிக் வாசலிலேயே அழுதேன். ஓட்டோவோடு வெளியே நின்ற தம்பி வினோஜன் பயந்துபோய், "அக்கா, என்னா சொல்லிட்டாங்க?" என்று ஓடி வந்தான். அவனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், இரண்டாவதாகத்தான் சொன்னேன்.

அத்தான், நான் உங்களிடம் இதுவரை எதுவும் பெரிதாகக் கேட்டதில்லை. நகை கேட்கவில்லை. போகாதீர்கள் என்றுகூட ஒரு தடவைதான் சொன்னேன். இப்போது ஒன்று கேட்கிறேன். பிள்ளை பிறக்கும்போது நீங்கள் இங்கே இருக்க வேண்டும். முதலில் கையில் வாங்குவது நீங்களாக இருக்க வேண்டும். எனக்கும் அம்மா இல்லை, உங்களுக்கும் இல்லை. அந்த வார்டில் வெளியே ஆள் இல்லாமல் கிடக்க எனக்குப் பயம். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இப்போது கத்திக்கொள்ளுங்கள்.

உங்கள்
சர்மிளா


டோஹா,
05.11.2023

என் உயிர் சர்மிக்கு,

கத்தினேன். அறையில் இருந்த ஐந்து பேரும் தூக்கத்தில் எழுந்து என்னைத் திட்டினார்கள். விஷயம் சொன்னதும் அவர்களும் கத்தினார்கள். நேபாளத்துப் பையன் அந்த நேரத்தில் முட்டை பொரித்துக் கொடுத்தான். இன்றைக்கு மேசைக்கு வந்த எல்லோரையும் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு தங்க அட்டை அம்மா, "இன்றைக்கு ரொம்ப நன்றாகக் கவனிக்கிறாய்" என்றார்.

வருவேன். இது சத்தியம். ஏப்ரல் நடுவிலிருந்து ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்களுக்கு ஸ்டாஃப் டிக்கட் இருக்கிறது. அநேகமாகச் சும்மா. ஒரே வில்லங்கம், காசு கொடுத்த பயணிகள் எல்லோரும் ஏறியபிறகு மிச்சம் இடம் இருந்தால்தான் எங்களுக்கு. கவுண்டரில் நின்று காத்திருக்க வேண்டும். நான் அங்கேயே வேலை செய்கிறவன், எந்த நாள் விமானம் காலி, எந்த நாள் நிறையும் என்பது எனக்கு மனப்பாடம். முன்கூட்டியே கிளம்பிவிடுவேன். நீ பயப்படாதே.

பாரமான வாளி தூக்காதே. பங்களாவில் மேல்மாடி அறைகளுக்கு வேறு ஆளை அனுப்பச் சொல். பிரதாப் சேர் முணுமுணுத்தால் என்னிடம் சொல், அவருக்கு ஒரு பிளாட்டினம் ஆளை அனுப்பி வாயை அடைக்கிறேன்.

பிள்ளைக்கும் உனக்கும் சேர்த்து முத்தம்.

உன்
ஜீவராஜ்


டிக்கோயா,
18.02.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கால் வீங்கியிருக்கிறது. செருப்பு ஏறவில்லை, உங்கள் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறேன். லெட்சுமி அக்கா அதைப் பார்த்துவிட்டு, "மாப்ள இல்லாட்டியும் மாப்ள செருப்பு நடமாடுது" என்கிறாள். உள்ளே இருப்பது வெகு சுறுசுறுப்பு. பங்களாவில் மாலை மணி அடித்தால் உதைக்கிறது. உங்களைப் போலவே சாப்பாட்டு மணி தெரிந்த பிள்ளை.

நீங்கள் அனுப்பிய ஆட்கள் நாலு கூட்டம் வந்து போய்விட்டார்கள். பிரதாப் சேருக்குக் கால் தரையில் இல்லை. ஒவ்வொருவரும் என்ன விரும்புகிறார்கள் என்று என்னையே கேட்கிறார். வருகிறவர்கள் எல்லாம் "அந்தக் கவுண்டரில் இருக்கும் பையன்" என்று உங்களைப் பற்றிப் பேசும்போது, எனக்கு அது என் புருஷன் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். கடித்துக்கொள்வேன். ஊரார் எல்லோருக்கும் ஜன்னலோரம் பார்த்துக் கொடுக்கிறீர்கள். பெருமையாகவும் இருக்கிறது. கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறது.

ஒரு விஷயம். அந்த ஸ்டாஃப் டிக்கட்டை நம்ப வேண்டாம் அத்தான். காசு போனால் போகட்டும், சரியான டிக்கட் ஒன்று வாங்குங்கள். மிச்சம் இருந்தால் இடம் என்கிற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. நோனா வேறு, இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுகிறது, கவனம் என்றார். நாள் தள்ளிப் போகலாம், முந்தியும் வரலாமாம்.

பிள்ளைக்கு ஒரு துணியும் வாங்கி வைக்கவில்லை. பிறக்கும் முன் வாங்கக் கூடாது என்று லெட்சுமி அக்கா தடுத்துவிட்டாள். நீங்கள் வரும்போது வாங்கி வாருங்கள். அங்கே மெல்லிய பருத்தியாகக் கிடைக்குமாம்.

உங்கள்
சர்மிளா


டோஹா,
29.03.2024

சர்மி,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

உன்னை அந்தக் காம்பராவில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேனே, அதைவிட ஒரு மனிதன் செய்யக் கூடாத காரியம் இருக்காது. லீவை நீட்டித் தர மாட்டோம் என்றார்கள். விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு கைக்குழந்தை. வழி முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தேன்.

சிவராத்திரிக்கு மறுநாள் வினோஜன் போன் செய்து, உனக்கு வலி கண்டு அம்புலன்ஸில் கண்டிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றபோது, அப்படியே உடுத்த உடுப்போடு ஓடினேன். அன்று மாலை விமானம் நிறைந்துவிட்டது. ஓர் இடம்கூட இல்லை. கவுண்டரில் நின்று கெஞ்சினேன். மறுநாள் விமானத்தில்தான் ஏற முடிந்தது. உன்னிடம் நேரில் சொன்னதைத்தான் திரும்பவும் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ சொன்னபடி டிக்கட் வாங்கி வைத்திருந்தால் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நான் வாங்கி வைத்திருந்த துணிகள் இன்னும் பெட்டியில் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று சொல். என்னால் பார்க்கவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை.

நீ சாப்பிடு. எனக்காக இல்லாவிட்டாலும் உன் தம்பிக்காகச் சாப்பிடு.

ஜீவராஜ்


டிக்கோயா,
14.04.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று வருஷப் பிறப்பு. லயத்தில் எல்லா வீட்டிலும் பொங்கல். நம் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. லெட்சுமி அக்கா ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். அவள் பேசாமல் போனது இதுதான் முதல் தடவை.

உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். விமானத்தில் இடம் இல்லையென்றால் நீங்கள் பறந்தா வர முடியும்? டாக்டர்மாரும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். விடியும் முன் பிறந்தாள், பகல் சாப்பாட்டு நேரம்வரை இருந்தாள். அவ்வளவுதான் கொண்டுவந்தது.

நீங்கள் கேட்கவில்லை, நானும் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. என்னை வார்டிலிருந்து விடவில்லை. சின்ன உயிரை ஓர் இரவுகூட வைத்திருக்கக் கூடாது என்று வினோஜன்தான் வேனில் கொண்டுபோனான், மடியில் வைத்துக்கொண்டே. பொழுது சாய்வதற்குள் தோட்டத்து மயானத்துக்குப் போய்விட்டார்கள். நம் பக்கத்தில் அப்பன்தானே பிள்ளையைக் குழிக்குள் இறக்க வேண்டும். குழி வெட்டிய பொன்னையா தாத்தா எல்லாம் சரிசெய்துவிட்டு நிமிர்ந்து, "அப்பன்காரன் எங்கய்யா?" என்று கேட்டாராம். வினோஜன்தான் இறங்கி வாங்கினான். இன்னும் கல்யாணமாகாத பையன். அன்றிலிருந்து அவன் சரியாகப் பேசுவதில்லை. ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷனில் போய் நிற்கிறான், சவாரி வந்தாலும் போகாமல்.

எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்து இறங்கியது. உடம்புக்குத் தெரியவில்லை, பாருங்கள்.

அடுத்த வாரம் வேலைக்குப் போகிறேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். துணிகளை இப்போதைக்குப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

நமக்கு ஒருவரை ஒருவர் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சர்மிளா


டோஹா,
12.05.2024

என் சர்மிக்கு,

அழுதுகொண்டேதான் இதையும் எழுதுகிறேன், ஆனால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. சூப்பர்வைசர் இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு முன்னால் வரிசையில் இருந்தவர்களைத் தாண்டி. ஒரு பிளாட்டினம் உறுப்பினர் என்னைப் பாராட்டித் தலைமையகத்துக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அதைப் பெரிய மேனேஜர் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

குடும்ப விசாவுக்கான தாள்கள் இதோடு இருக்கின்றன. கையெழுத்துப் போட்டு, போட்டோ ஒட்டி அனுப்பு. உனக்கு டிக்கட் காசு கொடுத்தே எடுக்கிறேன், எந்த நாள் வேண்டுமானாலும், ஜன்னலோரம். ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருக்கிறேன். இங்கே நல்ல ஆஸ்பத்திரிகள். நாம் திரும்பவும் தொடங்கலாம் சர்மி. அந்த லயத்தையும், அந்த மயானத்துப் பாதையையும் நீ தினமும் பார்க்க வேண்டாம். வந்துவிடு.

அவளுக்குச் செய்ய முடியாததை எல்லாம் உனக்குச் செய்கிறேன்.

உன்
ஜீவராஜ்


டிக்கோயா,
09.06.2024

ஜீவராஜ் அவர்களுக்கு,

விசாத் தாள்கள் வந்து சேர்ந்தன. அன்றைக்கே போட்டோ பிடிக்க டவுனுக்குப் போனேன். நீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன். ஸ்டூடியோக்காரர் சிரிக்கச் சொன்னார், கொஞ்சம் சிரித்தும் விட்டேன். பிள்ளை போனபிறகு அதுதான் முதல் தடவை.

போன வாரம் பங்களாவுக்கு ஹெல்மர் என்று ஒரு ஜெர்மன்காரர் வந்தார். நீங்கள் அனுப்பியவர்தான். நல்ல மனிதர். வேலைக்காரர்களையும் பெயர் கேட்டுக் கூப்பிடுகிறார். இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டு மேசையில், பக்கத்தில் இருந்த ஒரு புருஷன் பெண்சாதியிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஏன் எப்போதும் ஒரே கம்பனி விமானத்தில் பறக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். அதற்கு அவர் ஒரு கதை சொன்னார்.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. மறுநாள் நுவரெலியாவில் நண்பர்களோடு கோல்ஃப் ஆட்டம். டிக்கட் போடாமல் கடைசி நேரத்தில் விமான நிலையத்துக்கு வந்தாராம். விமானம் நிறைந்துவிட்டது, இவருடைய பிளாட்டினம் அட்டைக்கும்கூட ஒரு நாள் முன்னால் கேட்டிருக்க வேண்டும், முடியாது என்று கவுண்டரில் இருந்த பெரியவர் சொல்லிவிட்டாராம். இவரும் சரி என்று திரும்பினாராம். அப்போது, தோளில் பையோடு நின்ற ஒரு பையன் தானாக முன்னால் வந்தானாம். அங்கேயே வேலை செய்கிற பையன், இந்த நாட்டுத் தமிழ்ப் பையன். போர்டிங் பாஸ் அவன் கையில் இருந்ததாம். "என் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் சேர். நான் நாளைக்குப் போகலாம். வீட்டில் சின்ன விஷயம்தான்" என்றானாம்.

எனக்கு இங்கிலீஷ் பாதிதான் வரும். ஆனால் அந்தக் கடைசி வார்த்தைகள் நன்றாகவே விளங்கின.

பையனுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். ஜீவ் என்றார். இந்தப் பங்களாவைச் சொன்னதும் அவன்தான் என்றார். ஊருக்குப் போனதும் அவனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாராம். அதற்கப்புறம் வேறு விமானத்தில் ஏற மனசே வரவில்லையாம், சாகும்வரை இதில்தான் பறப்பாராம். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். அந்த மனிதர் இனி எங்கும் போக மாட்டார்.

நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மேல் என்ன தப்பு? ஆட்டம் எப்படிப் போனது சேர் என்று மட்டும் கேட்டேன். மழையால் பாதியில் நின்றுவிட்டதாம். இன்னும் இரண்டு நாள் இருந்தார். நான்தான் அறையைக் கூட்டினேன், நான்தான் படுக்கை விரித்தேன்.

நீங்கள் என்ன பதில் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நமக்காகத்தான் செய்தேன், உன்னைக் கூட்டிவரத்தான் செய்தேன் என்பீர்கள். வெறும் வலி, பிள்ளை பிறக்க இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன் என்பீர்கள். அதெல்லாம் உண்மை என்றே நம்புகிறேன். நீங்கள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலிக்காது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை வார்டுக்குள் வந்தீர்களே. என் மடியில் தலையை வைத்து அழுதீர்களே. விமானத்தில் இடமே இல்லை சர்மி, இடமே இல்லை என்றீர்களே. தையல் போட்ட வயிற்றோடு குனிய முடியாமல் குனிந்து உங்கள் தலையைத் தடவினேன். "எடம் இல்லாட்டி நீங்க என்னா செய்வீங்க, அழாதீங்க" என்று பிள்ளையைப் பறிகொடுத்தவள் உங்களுக்கு ஆறுதல் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரி பார்த்து அழுதாள். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடித்திருப்பேன், கத்தியிருப்பேன், அப்புறம் ஒருவேளை உங்களோடு சேர்ந்து அழுதிருப்பேன். அதற்கும் எனக்கு வழி வைக்கவில்லை. என் துக்கத்திலும் உங்கள் பொய்யை நுழைத்துவிட்டீர்கள். இப்போது அவளை நினைத்தால் கூடவே அந்த மனிதரும் வருகிறார்.

நான் டோஹாவுக்கு வரப் போவதில்லை. தாள்களைக் கையெழுத்துப் போடாமல் இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் சாமான்களைக் கட்டி வினோஜனிடம் கொடுத்திருக்கிறேன். வரும்போது அவனிடம் வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் அவனுக்குத் தெரியாது. நீங்களே சொல்லுங்கள். உங்கள் பிள்ளையை இறக்கியவன் அவன்.

இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. அன்று காலை என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து அவளிடம் கொண்டுபோனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விடலாம் என்று நர்ஸ் மிஸ்ஸி சொன்னார். விரலைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். நீங்கள் வருகிறவரைக்கும் காத்திருக்கலாம் என்றுதான் இருந்தேன். வாசலை வாசலைப் பார்த்தேன். பகலாகியும் நீங்கள் வரவில்லை, அவளுக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்தது. அதனால் நானே அவளுக்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டேன். ஒரு தடவை கண்ணைத் திறந்தாள். அந்தப் பெயரை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் ஒரு நாள் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

இனிச் சொல்ல மாட்டேன்.

சர்மிளா